கட்டடத் தானியக்கத்தில் தகவல்தொடர்பு நெறிமுறைகள்: கம்பியிலிருந்து கண்காணிப்புத் திரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் அலுவலகக் கோபுரம் ஒன்றில் கட்டட நிர்வாக அறைக்குள் சென்று பார்த்தால், அடித்தளத்தில் ஓடும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), மாடிதோறும் உள்ள ஏஎச்யு (குளிர்ந்த காற்றைச் செலுத்தும் கருவி), மின்மீட்டர், நீர்ப் பம்பு, விளக்குகள், மின்தூக்கி ஆகிய அனைத்தும் ஒரே திரையில் தெரியும். அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் வேறு, தயாரான நாடுகள் வேறு, உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுகளும் வேறு. அவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்வதற்கு வகுக்கப்பட்ட விதிகளையே புரோட்டோகால் அல்லது தகவல்தொடர்பு நெறிமுறை என்கிறோம். பிஎம்எஸ் எனப்படும் கட்டட மேலாண்மை அமைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தொழில்நுட்பர்கள், தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இத்துறையைப் படிப்போர், தமிழகத்திலிருந்து வந்து இங்குள்ள மின், இயந்திரப் பணி நிறுவனங்களில் வேலை செய்யும் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

ஒப்பந்த ஆவணங்களில் ‘இக்கருவி பேக்நெட்டுடன் இணைய வேண்டும்’ என்ற ஒற்றை வரியை அடிக்கடி காண்கிறோம். பேக்நெட் என்பது கட்டடங்களுக்கான ஒரு நெறிமுறை. அந்த வரியை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எந்தக் கம்பியில் பேசும், எந்த முகவரியில் பேசும், எந்தத் தரவுகளைத் தரும், அந்தத் தரவின் பொருளும் அலகும் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை கிடைத்த பிறகுதான் ஒரு கருவி இணைப்புக்குத் தயாராக இருக்கிறது என்று சொல்ல முடியும். கீழே வரும் படிகள் யாவும் இந்த நான்கு கேள்விகளை இதே வரிசையில் பின்தொடர்கின்றன.

முதல் படி: கட்டடத்தில் எது எங்கே இருக்கிறது என்று அறிதல்

பெரும்பாலான கட்டடத் தானியக்க அமைப்புகள் மூன்று அடுக்குகளாக அமைகின்றன. கீழ் அடுக்கில் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் முதலியவற்றை அளக்கும் சென்சார்களும், வால்வையும், காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரையும் நகர்த்தும் ஆக்சுவேட்டர்களும் உள்ளன. நடு அடுக்கில் டிடிசி எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்து, அளவீடுகளைப் பெற்று, தமக்குள் எழுதப்பட்ட நிரலின்படி முடிவெடுத்து, கட்டளை அனுப்புகின்றன. மேல் அடுக்கில் சர்வரும் பணியாளர் பார்க்கும் திரையும் இருக்கின்றன. சர்வர் நின்றுபோனாலும் டிடிசி தன் வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். அப்படி நடக்கவில்லையென்றால் கட்டுப்பாட்டு நிரல் தவறான அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பாயிண்டுகள், அதாவது டிடிசி பெறும் அளவீடுகளும் அது அனுப்பும் கட்டளைகளும், நான்கு வகைப்படும். தொடர்ந்து மாறும் அளவைத் தருவது அனலாக் இன்புட், வால்வின் திறப்பு போன்ற அளவைக் கட்டளையாக அனுப்புவது அனலாக் அவுட்புட், ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும் சொல்வது டிஜிட்டல் இன்புட், ஓட்டு அல்லது நிறுத்து என்று கட்டளையிடுவது டிஜிட்டல் அவுட்புட். அனலாக் பாயிண்டுகள் பெரும்பாலும் 0 முதல் 10 வோல்ட் வரையிலோ 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலோ வருகின்றன. இரண்டாவது முறையில் கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4 மில்லியாம்பியருக்குக் கீழே இறங்கிவிடுவதால் பழுதை உடனே கண்டுகொள்ளலாம். வோல்ட் முறையிலோ அறுந்த கம்பி காட்டும் சுழியம் உண்மையான குறைந்தபட்ச அளவைப் போலவே தோன்றும்.

இங்குள்ள வேலைத்தளங்களில் லோ லெவல் இன்டர்ஃபேஸ், ஹை லெவல் இன்டர்ஃபேஸ் என்ற இரு தொடர்களும் அன்றாடம் புழங்குகின்றன. ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனிக் கம்பி இழுத்து இணைப்பது முன்னது. ஒரே தகவல்தொடர்புக் கம்பி வழியே ஒரு நெறிமுறையின் மூலம் நூற்றுக்கணக்கான பாயிண்டுகளைப் பெறுவது பின்னது. சில்லர், மின்மீட்டர், பம்பின் வேகத்தை மாற்றும் விஎஸ்டி ஆகியவற்றுக்கு ஹை லெவல் இணைப்பு ஏற்றது. ஆனால் தீ எச்சரிக்கை ஏற்படும்போது ஏஎச்யுவை நிறுத்துவது, புகை வெளியேற்றும் மின்விசிறியை ஓட்டுவது போன்ற உயிர்ப் பாதுகாப்புச் செயல்கள் தீயணைப்புப் பலகையிலிருந்து நேரடிக் கம்பி வழியாகவே நடைபெற வேண்டும். பிஎம்எஸ் அவற்றைக் கண்காணிக்கலாமே தவிர அவற்றுக்கு இடையில் நிற்கக் கூடாது. செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி இந்த எல்லையை யாராவது தளர்த்த முயன்றால் எழுத்துமூலம் மறுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கம்பியைச் சரியாக அமைத்தல்

மாட்பஸ் ஆர்டியு, பேக்நெட் எம்எஸ்டிபி ஆகிய இரண்டு நெறிமுறைகளும் ஆர்எஸ்-485 என்ற ஒரே மின் தரத்தின்மீது ஓடுகின்றன. கம்பி ஒன்றாக இருப்பதால் இரண்டு நெறிமுறைகளையும் ஒரே தடத்தில் கலந்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. மின் தரம் கம்பியில் வோல்டேஜ் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதன்மேல் அனுப்பப்படும் செய்தியின் வடிவத்தை நெறிமுறையே வகுக்கிறது.

ஆர்எஸ்-485 தடம், பூச்சரம் தொடுப்பதுபோல ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு என்று ஒரே வரிசையாகச் செல்ல வேண்டும். இதனைத்தான் டெய்சி செயின் என்கிறோம். ரைசரில் (மாடிகளைக் கடந்து மேலேறும் கம்பிப் பாதையில்) ஒரு சந்திப்புப் பெட்டி வைத்து அங்கிருந்து நான்கு திசைக்குக் கிளை பிரித்தால், கிளைகளின் முனையில் சமிக்ஞை எதிரொலித்துச் செய்திகள் சிதையும். குறைந்த வேகத்தில் தடத்தின் நீளம் ஏறத்தாழ 1200 மீட்டர் வரை போகலாம். அடிப்படைத் தரத்தின்படி ஒரு தடத்தில் 32 அலகுச் சுமை வரை அனுமதி உண்டு. இக்காலச் சிப்புகள் ஓர் அலகில் எட்டில் ஒரு பங்குச் சுமையையே ஏற்றுவதால் எண்ணிக்கையைக் கூட்ட முடியும் என்றாலும், அதிகக் கருவிகளைச் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொன்றுக்கும் முறை வருவதற்கான காத்திருப்பும் நீளும்.

தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் பொருத்த வேண்டும். நடுவில் எங்கும் பொருத்தக் கூடாது. இதைச் சோதிக்க மல்டிமீட்டரே போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 காட்டினால் எங்கோ மூன்றாவது ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஏதாவது ஒரு மீட்டரின் உள்ளே உள்ள சிறு சுவிட்சாக இருக்கும். கம்பியின் ஷீல்டு உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும், இல்லையெனில் இரு முனைகளின் எர்த் வேறுபாட்டால் உறையிலேயே மின்னோட்டம் பாயத் தொடங்கும். ஏ, பி என்று கருவிகளில் அச்சிட்டிருக்கும் குறிகளை எல்லா நிறுவனங்களும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. ஆகவே புதிய கருவி பேச மறுத்தால் இரு கம்பிகளையும் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது நியாயமான முதல் சோதனை.

இடியும் மின்னலும் மிகுந்த நம் தீவில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குச் செப்புக் கம்பி வழியாக ஆர்எஸ்-485 இழுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே ஒளியிழையைப் பயன்படுத்துவதே நல்லது.

மூன்றாம் படி: மாட்பஸைப் புரிந்துகொள்ளுதல்

மாட்பஸ் 1979ஆம் ஆண்டில் மோடிகான் நிறுவனம் தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவாக்கிய நெறிமுறை. எளிமையின் காரணமாக இன்றும் மின்மீட்டர், குளிர்நீரின் வெப்ப ஆற்றலை அளக்கும் பிடியு மீட்டர், விஎஸ்டி ஆகியவற்றில் நிலைத்திருக்கிறது. ஆர்எஸ்-485 தடத்தில் கேள்வி கேட்கும் கருவி ஒன்று மட்டுமே இருக்கும். மற்றவை கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். முன்பு மாஸ்டர், ஸ்லேவ் என்று வழங்கிய இவற்றை 2020 முதல் மாட்பஸ் அமைப்பு கிளையண்ட், சர்வர் என்று குறிப்பிடுகிறது. இதன்படி கேள்வி கேட்கும் டிடிசி கிளையண்ட் ஆகவும், பதில் தரும் சிறிய மீட்டர் சர்வர் ஆகவும் அமையும் என்பதைக் குழப்பமின்றி நினைவில் கொள்ள வேண்டும். பதில் தரும் கருவிகளின் முகவரி 1 முதல் 247 வரை. ஈதர்நெட்டில் ஓடும் மாட்பஸ் டிசிபி 502 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது.

தரவுகள் நான்கு அட்டவணைகளில் உள்ளன. காயில் என்பது எழுதக்கூடிய ஒற்றை பிட், டிஸ்கிரீட் இன்புட் என்பது படிக்க மட்டுமே முடிந்த ஒற்றை பிட், இன்புட் ரெஜிஸ்டர் என்பது படிக்க மட்டுமே முடிந்த 16 பிட் எண், ஹோல்டிங் ரெஜிஸ்டர் என்பது படிக்கவும் எழுதவும் முடிந்த 16 பிட் எண். இவற்றைப் படிப்பதற்கு முறையே 1, 2, 4, 3 ஆகிய ஃபங்ஷன் கோடுகள் உள்ளன. ஆவணத்தில் 40108 என்று எழுதியிருந்தால், முதலில் வரும் 4 ஹோல்டிங் ரெஜிஸ்டரைக் குறிக்கிறது. கம்பியில் அனுப்பப்படும் முகவரியோ 107. ஏனெனில் ஆவண எண் ஒன்றிலிருந்தும் கம்பியில் செல்லும் முகவரி சுழியத்திலிருந்தும் தொடங்குகின்றன. சில நிறுவனங்கள் ஆவணத்திலேயே சுழியத்திலிருந்து எண்ணிவிடுகின்றன. மின்னழுத்தம் வர வேண்டிய இடத்தில் மின்னோட்டம் வந்தால், ஓர் இடம் முன்னும் பின்னும் தள்ளிப் படித்துப் பாருங்கள்.

இதைவிடக் கவனம் வேண்டியது 32 பிட் எண். தசம எண்ணை அனுப்ப இரண்டு ரெஜிஸ்டர்கள் தேவை. அவற்றுள் எது முதலில் வரும் என்பதை மாட்பஸ் நெறிமுறை வகுத்துச் சொல்லவில்லை. ஒரு பிடியு மீட்டர் குளிர்நீரின் வெப்பநிலையாக 6.7 டிகிரியை அனுப்புகிறது என்று கொள்வோம். இரு ரெஜிஸ்டர்களிலும் முறையே 16598, 26214 என்ற எண்கள் இருக்கும். சரியான வரிசையில் சேர்த்தால் 6.7 கிடைக்கிறது, வரிசை மாறினால் இருபத்து நான்கு இலக்கம் கொண்ட மாபெரும் எண் ஒன்று திரையில் தோன்றும். அத்தகைய எண்ணைக் கண்டால் சென்சாரைக் கழற்ற வேண்டாம், மென்பொருளில் வேர்டு வரிசையை மாற்றினால் போதும்.

படிக்கும் முறையும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 11 பிட் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1.15 மில்லிவினாடி ஆகும். ஒரு மீட்டரிலிருந்து அடுத்தடுத்துள்ள 50 ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் கேட்டால், கேள்வி 8 பைட், பதில் 105 பைட். மீட்டர் யோசிக்க 50 மில்லிவினாடியும் இடைவெளிகளும் சேர்த்து, மொத்தம் 0.2 வினாடிக்குள் முடிந்துவிடும். 30 மீட்டர்களையும் சுற்றிவர ஆறு வினாடிக்குள்தான் ஆகும். அதே 50 ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு மீட்டருக்கே நான்கு வினாடிக்கு அருகில் போகும். 30 மீட்டர்களைச் சுற்றிவர இரண்டு நிமிடம் பிடிக்கும். கம்பி ஒன்று, கருவி ஒன்று, வேகமும் ஒன்றுதான். கேட்கும் முறை மட்டுமே இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒரே கேள்வியில் அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர்களைப் படிக்கலாம்.

எழுதும்போது வேறோர் எச்சரிக்கை. சில விஎஸ்டிகளில் குறிப்பிட்ட ரெஜிஸ்டர்கள் ஒவ்வொரு முறை எழுதப்படும்போதும் நிரந்தர நினைவகத்தில் பதிகின்றன. அத்தகைய நினைவகத்துக்கு எழுதும் எண்ணிக்கையில் வரம்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு வினாடியும் எழுதாமல் மதிப்பு மாறும்போது மட்டும் எழுதும்படி அமையுங்கள். எந்த ரெஜிஸ்டர் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பேக்நெட்டைப் புரிந்துகொள்ளுதல்

பேக்நெட் கட்டடங்களுக்காகவே பிறந்த நெறிமுறை. அமெரிக்காவின் குளிர்பதன, காற்றுப்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே அமைப்பு 1987இல் இதற்கான குழுவை அமைத்தது. 1995இல் தரநிலை 135 என்ற எண்ணில் வெளியிட்டது. 2003இல் இது ஐஎஸ்ஓ 16484-5 என்ற உலகத் தரநிலையாகவும் ஆயிற்று. மாட்பஸில் 16 பிட் எண் ஒன்று வெறும் எண்ணாகவே வரும். அது வெப்பநிலையா, மின்னோட்டமா என்பது தாளில்தான் இருக்கும். பேக்நெட்டில் ஒவ்வொரு பாயிண்டும் ஓர் ஆப்ஜெக்ட். அதற்குப் பெயர், அலகு, தற்போதைய மதிப்பு, பழுது நிலை ஆகியன பிராப்பர்ட்டிகளாக உடன் வருகின்றன. அனலாக் இன்புட், பைனரி அவுட்புட், மல்ட்டி ஸ்டேட் வேல்யூ, ஷெட்யூல், டிரெண்ட் லாக், நோட்டிஃபிகேஷன் கிளாஸ் என ஆப்ஜெக்டுகள் பல வகைப்படும். தற்போதைய மதிப்பைத் தரும் பிராப்பர்ட்டிக்கு பிரசென்ட் வேல்யூ என்று பெயர். அதனுடன் ஸ்டேட்டஸ் ஃபிளாக்ஸ் என்பதையும் சேர்த்தே படிக்கப் பழகுங்கள். பழுதான சென்சாரின் கடைசி மதிப்பும் நல்ல மதிப்பைப் போலவே திரையில் நிற்கக்கூடும்.

ஒவ்வொரு கருவிக்கும் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் என்னும் எண் உண்டு. 0 முதல் 4194302 வரை எதையும் தரலாம். ஆனால் அந்த எண் அந்தத் தடத்தில் மட்டுமன்று, ஒன்றோடொன்று இணைந்த பேக்நெட் பிணையம் முழுவதிலும் தனித்ததாக இருக்க வேண்டும். கட்டடம், மாடி, கருவி என்ற வரிசையில் எண்ணை அமைப்பது நல்ல வழக்கம்: மூன்றாம் கட்டடம், 12ஆம் மாடி, ஏழாவது கருவி என்றால் 31207. இதிலிருந்து வேறானது எம்எஸ்டிபி தடத்தில் வைக்கும் மேக் முகவரி. டோக்கன் (பேசும் உரிமையைத் தரும் சிறு செய்தி) பெறும் கருவிகளுக்கு அது 0 முதல் 127 வரை. மூன்றாவதாக, ஒவ்வொரு எம்எஸ்டிபி தடத்துக்கும் தனி நெட்வொர்க் எண் இருக்க வேண்டும். இரண்டு துணை ஒப்பந்ததாரர்கள் வெவ்வேறு மாடிகளில் தத்தம் ரவுட்டருக்கு ஒரே நெட்வொர்க் எண்ணைக் கொடுத்துவிட்டால், இருவர் வேலையும் தனித்தனியே சரியாக இருந்தும் ஒன்றாகச் சேர்த்த அன்று கருவிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். எனவே எண்களை ஒதுக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும்; அந்த அட்டவணையை முதல் நாளிலேயே வெளியிட வேண்டும்.

எம்எஸ்டிபி தடத்தில் டோக்கன் கருவிக்குக் கருவி கைமாறுகிறது; டோக்கன் வைத்திருப்பவருக்கே பேசும் உரிமை. தடத்தில் 30 கருவிகள் மட்டும் இருக்கும்போது மேக்ஸ் மாஸ்டர் என்ற அமைப்பு 127ஆகவே இருந்தால், இல்லாத கருவிகளைத் தேடுவதில் நேரம் வீணாகும். முகவரிகளை இடைவெளியின்றி வரிசையாகக் கொடுத்து, மேக்ஸ் மாஸ்டரைக் கடைசி முகவரியை ஒட்டி வையுங்கள். பின்னாளில் சேர்க்க வேண்டிய கருவிகளுக்குச் சிறிது இடமும் விட்டுவையுங்கள்.

கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஹூ-ஈஸ் என்ற கேள்வி எல்லாருக்கும் ஒலிபரப்பாகச் செல்கிறது; இருக்கும் கருவிகள் ஐ-ஆம் என்று விடையளிக்கின்றன. பேக்நெட் ஐபியில் இது யூடிபி 47808 என்ற போர்ட்டில் நடக்கிறது. சாதாரண ஐபி ரவுட்டர்கள் ஒலிபரப்பை ஒரு சப்நெட்டிலிருந்து (பிணையத்தின் ஒரு பகுதியிலிருந்து) மற்றொன்றுக்குக் கடத்துவதில்லை. ஆகவே குளிர்நீர் ஆலையின் கருவிகளுக்கு ஐபி முகவரி மூலம் பிங் அனுப்பிப் பதில் பெற முடிந்தாலும், சர்வரின் தேடலில் அவை தென்படாமல் போகலாம். இதற்குத் தீர்வு பிபிஎம்டி என்னும் வசதி: ஒவ்வொரு சப்நெட்டிலும் ஒரு கருவி இப்பொறுப்பை ஏற்று, ஒலிபரப்பை மற்ற சப்நெட்டுகளின் பிபிஎம்டிகளுக்கு அனுப்பும். ஒரு சப்நெட்டுக்கு ஒன்று மட்டுமே. கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி இரண்டை இயக்கிவிட்டால் ஒரே செய்தி பலமுறை சுற்றிவந்து பிணையத்தைத் திணறடிக்கும்.

பேக்நெட்டில் நான் மிகவும் மதிக்கும் பகுதியும், மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதியும் பிரையாரிட்டி அர்ரே. கட்டளை ஏற்கும் ஆப்ஜெக்டுக்கு 16 முன்னுரிமை நிலைகள் உள்ளன. எண் சிறிதாகச் சிறிதாக அதிகாரம் பெரிது. 1ஆம் நிலை கையால் தரும் உயிர்ப் பாதுகாப்புக் கட்டளைக்கும், 2 தானாக வரும் உயிர்ப் பாதுகாப்புக் கட்டளைக்கும், 5 இன்றியமையாத கருவிகளின் கட்டுப்பாட்டுக்கும், 6 குறைந்தபட்ச ஓட்ட நேரத்துக்கும், 8 பணியாளர் திரையிலிருந்து தரும் கட்டளைக்கும் ஒதுக்கப்பட்டவை. நிலை எதுவும் குறிப்பிடாமல் எழுதினால் அது 16இல் போய் அமரும். எல்லா நிலைகளும் காலியாக இருந்தால் ரிலிங்க்விஷ் டிஃபால்ட் என்ற இயல்பு மதிப்பு செயற்படும்.

நடைமுறையில் இதன் பொருளைப் பாருங்கள். கால அட்டவணை 15ஆம் நிலையில் எழுதி, காலை எட்டு மணிக்கு ஏஎச்யுவை ஓட்டி மாலை ஆறு மணிக்கு நிறுத்துகிறது. ஒரு நாள் மாலையில் வாடகைதாரர் கூடுதல் நேரம் கேட்கவே, பணியாளர் திரையில் ‘ஓட்டு’ என்று அழுத்துகிறார். அது 8ஆம் நிலையில் பதிகிறது. வேலை முடிந்ததும் அவர் ‘நிறுத்து’ என்று அழுத்தினால் அதுவும் 8ஆம் நிலையிலேயே பதிந்து, மறுநாள் காலை அட்டவணை ஓட்டச் சொல்லியும் ஏஎச்யு ஓடாது. எதையும் அழுத்தாமல் வீட்டுக்குப் போனால் ஏஎச்யு இரவு முழுவதும், வார இறுதியிலும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் தவறு. செய்ய வேண்டியது அந்த நிலையை விடுவித்தல், அதாவது 8ஆம் நிலையில் நல் என்ற வெற்று மதிப்பை எழுதுதல். திரையில் ‘ஆட்டோ’ என்ற பொத்தான் இதைத்தான் செய்கிறதா என்று ஒப்படைப்புக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். மேலும், எந்தெந்த ஆப்ஜெக்டுகளில் 8ஆம் நிலை காலியாக இல்லை என்ற பட்டியலை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் கட்டட நிர்வாகம், செலவில்லாமலே மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது.

தரவைப் பெற இரு வழிகள் உண்டு. குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருப்பது போலிங். மதிப்பு மாறும்போது கருவியே தெரிவிக்கும்படி பதிவு செய்துகொள்வது சிஓவி. இரண்டாவது வழியில் எவ்வளவு மாறினால் தெரிவிக்க வேண்டும் என்ற வரம்பு மிக முக்கியம். அதற்கான காரணம் ஆறாம் படியில் வருகிறது.

ஐந்தாம் படி: மற்ற நெறிமுறைகளை இனங்காணுதல்

விளக்குகளுக்கு டாலி: ஒரு தடத்தில் 64 முகவரிகள், 16 குழுக்கள், 16 காட்சிகள், தடத்தின் நீளம் 300 மீட்டர் வரை, தரநிலை ஐஇசி 62386. விளக்கு, திரைச்சீலை, சுவர்ச் சுவிட்சு ஆகியவற்றைச் சேர்த்துக் கையாள கேஎன்எக்ஸ். இதில் கருவிகள் குரூப் முகவரி மூலம் தொடர்புகொள்கின்றன, அமைப்பதற்கு இடிஎஸ் என்ற மென்பொருள் தேவை. அதன் நிரல் கோப்பை ஒப்பந்ததாரரிடமிருந்து கேட்டு வாங்காவிட்டால் பின்னாளில் சிறு மாற்றம்கூடச் செய்ய முடியாது. பழைய கட்டடங்களில் எக்கெலான் நிறுவனத்தின் லான்வொர்க்ஸ் இன்னும் ஓடுகிறது. புதுப்பிக்கும்போது, ஒரு நெறிமுறையை இன்னொன்றாக மாற்றித் தரும் கேட்வே வழியாகப் பேக்நெட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. வெப்ப, நீர் மீட்டர்களில் எம்-பஸ் வரலாம். மேகக் கணிமைக்குத் தரவு அனுப்ப எம்கியூடிடி, மேல்நிலை மென்பொருள்களுக்கு இடையே ஓபிசி யுஏ. இவற்றை இனங்கண்டு, கேட்வே தேவையா என்று முடிவுசெய்யத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஆறாம் படி: பாயிண்ட் லிஸ்டைத் தயாரித்தல்

இணைப்பு வேலையின் வெற்றியைக் கம்பி இழுப்பதற்கு முன்பே பாயிண்ட் லிஸ்ட் தீர்மானித்துவிடுகிறது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் கருவியின் பெயர், ஆப்ஜெக்ட் வகையும் எண்ணும் அல்லது ரெஜிஸ்டர் முகவரி, தரவின் வடிவம், அலகு, பெருக்குக் காரணி, படிக்க மட்டுமா எழுதவும் முடியுமா என்பது, பதிவு இடைவெளி, எச்சரிக்கை வரம்பு ஆகிய அனைத்தும் ஒரு வரியில் இருக்க வேண்டும். கேட்வே இடையில் இருந்தால் அதன் இருபுறத்து முகவரிகளும் வேண்டும். இந்தப் பட்டியலில் பிரதான ஒப்பந்ததாரர், கருவி வழங்குநர், பிஎம்எஸ் ஒப்பந்ததாரர் மூவரும் கையொப்பமிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பெருக்குக் காரணியும் நுண்மையும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் குளிர்நீர் ஆலையே சரியான சான்று. கட்டட, கட்டுமான ஆணையம் 2005இல் தொடங்கிய கிரீன் மார்க் திட்டத்தின் கீழ் குளிர்நீர் ஆலையின் செயல்திறன் ஒரு குளிர்பதன டன்னுக்கு எத்தனை கிலோவாட் என்று அளக்கப்படுகிறது. நீண்டகால அளவீட்டுக்கு எஸ்எஸ் 591 என்ற சிங்கப்பூர்த் தரநிலை உள்ளது. குளிர்ச்சிச் சுமையை நீரின் ஓட்டத்தையும், செல்லும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் கொண்டு கணக்கிடுகிறோம். வினாடிக்கு 100 லிட்டர் ஓட்டமும் 5.5 டிகிரி வேறுபாடும் இருந்தால், 100, 4.19, 5.5 ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 2305 கிலோவாட், அதை 3.517ஆல் வகுத்தால் 655 டன். வேறுபாட்டில் 0.1 டிகிரி பிழை நேர்ந்தாலே விடை இரண்டு விழுக்காட்டுக்கு அருகில் மாறிவிடும். அதனால்தான் 0.05 டிகிரி அளவிலான துல்லியமுள்ள விலையுயர்ந்த சென்சார்கள் கேட்கப்படுகின்றன. ஒரு நிமிட இடைவெளியில் பதிவும் கேட்கப்படுகிறது.

இப்போது அந்தச் சென்சாரின் அளவீடு, பத்தால் பெருக்கிய முழு எண்ணாக ஒரு மாட்பஸ் ரெஜிஸ்டரில் அனுப்பப்படுகிறது என்று கொள்ளுங்கள். 6.74 டிகிரி 67 ஆகிவிடும்; திரையில் 6.7 என்றே வரும். சென்சாருக்குச் செலவிட்ட பணம் முழுவதும் அந்த ஒரு பெருக்குக் காரணியில் கரைந்துபோகிறது. அதேபோல் சிஓவி வரம்பை 0.5 டிகிரி என்று விட்டுவிட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு எடுத்தாலும் பழைய மதிப்பே திரும்பத் திரும்பப் பதியும். சில்லர் நீரிலிருந்து எடுத்த வெப்பமும் அதற்குச் செலுத்திய மின்சாரமும் சேர்ந்து, குளிர்கோபுரத்துக்குத் தள்ளும் வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். பதிவான தரவுகளில் 80 விழுக்காட்டுக்காவது இச்சமநிலை 5 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இது தவறும்போது எல்லாரும் முதலில் ஓட்டமானியைச் சந்தேகிக்கிறார்கள். பாயிண்ட் லிஸ்டில் தரவு வடிவத்தையும் சிஓவி வரம்பையும் முதலில் பார்ப்பது எளிது, செலவும் இல்லை. எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு மீட்டர் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தால் சமநிலைக் கணக்கு சுமை மாறும் நேரங்களிலெல்லாம் பிசகும்.

ஏழாம் படி: கீழிருந்து மேலாகச் சோதித்தல்

டெஸ்டிங் அண்ட் கமிஷனிங் கட்டத்தில் சோதனையைக் கம்பியிலிருந்து தொடங்குங்கள். முதலில் மல்டிமீட்டரால் தடத்தைச் சோதித்து, பின்னர் வேகமும் பாரிட்டியும் (பிழை காணச் சேர்க்கும் பிட்டின் அமைப்பு) எல்லாக் கருவிகளிலும் ஒன்றா என்று பார்த்து, அதன்பின் ஒரே ஒரு கருவியை மட்டும் மடிக்கணினியில் இணைத்து ஒரு மதிப்பைப் படியுங்கள். மாட்பஸின் தரநிலை ஈவன் பாரிட்டியையே இயல்பாகச் சொன்னாலும், பல மீட்டர்கள் பாரிட்டி இல்லாத அமைப்பில் ஆலையிலிருந்து வருகின்றன. பதில் எதுவும் வரவில்லையென்றால் சிக்கல் கம்பியிலோ வேகத்திலோ முகவரியிலோ உள்ளது. ‘தவறான தரவு முகவரி’ என்னும் பிழைப் பதில் வந்தால் மகிழுங்கள்: கம்பியும் வேகமும் கருவி முகவரியும் சரி, ரெஜிஸ்டர் எண்ணை மட்டும் திருத்தினால் போதும். பேக்நெட் ஐபியில், பிணையச் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் ஹூ-ஈஸ் போனதையும் ஐ-ஆம் வராததையும் கண்ணெதிரே காட்டிவிடும்.

மதிப்பு திரையில் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தக் கூடாது. குழாயின் பக்கத்தில் ஒருவர் நின்று மீட்டரின் முகப்பைப் படிக்க, திரையின் முன் இருப்பவர் அதே நொடியில் ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். கட்டளைப் பாயிண்டுகளில் வால்வு உண்மையில் திறந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியாக, தகவல்தொடர்புக் கம்பியை வேண்டுமென்றே கழற்றி, டிடிசி தனித்து இயங்குகிறதா, திரையில் எச்சரிக்கை வருகிறதா என்று சோதியுங்கள். இந்தக் கடைசிச் சோதனை நேரமின்மையால் கைவிடப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைவிடவே கூடாத சோதனை இது.

எட்டாம் படி: பாதுகாப்பும் ஒப்படைப்பும்

வழக்கமான மாட்பஸிலும் வழக்கமான பேக்நெட் ஐபியிலும் மறையாக்கம் இல்லை. பிணையத்துக்குள் நுழைந்த எவரும் எந்த மதிப்பையும் படிக்கலாம், பல இடங்களில் எழுதவும் செய்யலாம். ஆகவே பிஎம்எஸ் பிணையத்தை அலுவலகப் பிணையத்திலிருந்தும் விருந்தினர் வைஃபையிலிருந்தும் பிரித்து வையுங்கள். 47808, 502 ஆகிய போர்ட்டுகளை இணையத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள். தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாக, தனித்தனிப் பயனர் பெயரோடு மட்டுமே அனுமதியுங்கள்.

2019இல் தரநிலையில் சேர்க்கப்பட்ட பேக்நெட் எஸ்சி இக்குறையைத் தீர்க்கிறது. இதில் கருவிகள் ஒலிபரப்பை நம்பாமல் ஒரு ஹப்புடன் வெப்சாக்கெட் மூலம் இணைகின்றன; தொடர்பு டிஎல்எஸ் 1.3 கொண்டு மறையாக்கப்படுகிறது. ஒவ்வொரு கருவியும் தன் சான்றிதழைக் காட்டியே உள்ளே வர முடியும். இதனால் பிபிஎம்டி தேவைப்படாது. ஆனால் சான்றிதழ்களை யார் வழங்குவது, எங்கே வைப்பது, எப்போது புதுப்பிப்பது என்ற புதிய பொறுப்புகள் வருகின்றன. காலாவதியான சான்றிதழுடன் ஒரு கருவி ஹப்பில் இணைய முடியாது. கம்பியில் எந்தக் குறையும் இல்லாமலே அது திரையிலிருந்து மறைந்துவிடும்.

ஒப்படைப்பின்போது கட்டட உரிமையாளர் பெற வேண்டியவை இவை: இறுதி செய்யப்பட்ட பாயிண்ட் லிஸ்ட், டிவைஸ் இன்ஸ்டன்ஸ் மற்றும் நெட்வொர்க் எண் அட்டவணை, தடங்கள் உண்மையில் எந்த வழியே செல்கின்றன என்று காட்டும் வரைபடம், ஒவ்வொரு டிடிசியின் நிரல் நகல், கேட்வே அமைப்புக் கோப்புகள், கடவுச்சொற்கள், சான்றிதழ்களின் காலாவதி நாள்கள். குறைபாடு திருத்தக் காலம் முடிவதற்குள் இந்த நிரல் நகல்களுள் ஒன்றைக் கொண்டு, உதிரி டிடிசி ஒன்றில் முழுமையாக மீட்டெடுத்துப் பார்த்துவிடுங்கள்.